இரண்டரை நானோ செகண்டுக்கு இரண்டு பல்

கடைத்தெருவில் செருப்புக் கடைக்கு மேலே, மாடிப்படி ஏறிப் போகிற அந்தக் கம்ப்யூட்டர் கடையில், பெற்றவர்கள் வைத்த பெயர் அவனுக்குச் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி முதலாளியிலிருந்து வாடிக்கையாளர் வரை எல்லோருக்கும் அவன் "டைமிங்". சொன்ன நேரத்துக்கு வருகிற ஆள் போலிருக்கிறது என்று யாரும் ஏமாந்துவிட வேண்டாம். பத்து மணிக்குத் திறக்கும் கடைக்குப் பதினொன்றுக்கு வந்து, நேற்றே வந்துவிட்டவனைப் போல முகத்தை வைத்துக்கொள்வான். கம்ப்யூட்டருக்குள் இருக்கிற ரேமின், அதாவது தற்காலிக நினைவகத்தின், டைமிங்கைத் திருகி வேகம் ஏற்றுவதில் அவனை மிஞ்ச அந்தத் தெருவில் ஆள் கிடையாது, அதனால் வந்த பெயர். நாற்பத்தாறு வயதுக்காரனை அவன் இவன் என்று எழுதுவது மரியாதைக் குறைவுதான். ஆனால் அவன் தன் அக்காவுக்குச் செய்த காரியத்தைப் பற்றியல்லவா சொல்லப்போகிறோம். இந்த அளவு மரியாதை போதும்.

ரேம் வாங்க வருகிறவர்கள் பெட்டியில் போட்டிருக்கும் பெரிய எண்ணைப் பார்த்து மயங்குவார்கள். ஆறாயிரம், ஆறாயிரத்து நானூறு என்று. டைமிங் அவர்களை உட்கார வைத்துப் பாடம் எடுப்பான். "டிக்கெட் கவுன்ட்டர்ல நிக்கிறீங்க. ஒரு நிமிஷத்துக்கு எத்தனை டிக்கெட் கிழிக்கிறான், அது வேகம். நீங்க கேட்டதும் அவன் தலைய நிமித்திப் பாக்க எவ்வளவு நேரம் ஆகுது, அது லேட்டன்சி. மடமடன்னு கிழிக்கிறவன் தலையே நிமித்தலைன்னா உங்களுக்கு என்ன பிரயோஜனம்? பஸ்ஸு போயிடும்." வேகத்தின் எண் கூடவேண்டும், காத்திருப்பின் எண் குறையவேண்டும், இரண்டையும் ஒரே நேரத்தில் இழுத்தால் ரேம் தடுமாறும், தடுமாறாத கடைசி இடம் எது என்று கண்டுபிடிப்பதுதான் கெட்டிக்காரத்தனம். கண்டுபிடித்ததும் குறைந்தது எட்டு மணி நேரம் சோதனை ஓட்டவேண்டும். இந்த எட்டு மணி நேரத்தில் அவன் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. அவசரப்படுத்திய வாடிக்கையாளர்களிடம், "இப்பவே வேணும்னா பக்கத்துக் கடைல வாங்கிக்குங்க" என்று முகத்துக்கு நேரே சொல்லி முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறான்.

ரேம் தடுமாறினால் கம்ப்யூட்டர் படுத்துவிடும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். படுத்துவிட்டால் நல்லது, தெரிந்துவிடும். படுக்காமல், ஒன்றும் நடக்காதது போல வேலை செய்துகொண்டே, எப்போதாவது ஒரு இடத்தில் ஒரு எண்ணை மாற்றி எழுதிவிட்டுப் போகும். அதுதான் ஆபத்து. இதையும் அவன்தான் எல்லோருக்கும் சொல்லுவான்.

அக்கா அவனைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள். முப்பத்திரண்டு வருஷம் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். அவன் சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டதும் நேரே அங்கேதான் போவான். அக்காவின் ஷிஃப்ட் முடிகிற வரைக்கும் மூன்றாம் நடைமேடை பெஞ்சில், ஒலிபெருக்கிக்குக் கீழே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவான். தலைக்கு மேலே அக்கா பேசிக்கொண்டே இருப்பாள். எந்த வண்டி தாமதம், எது எந்த நடைமேடை, யாருடைய பை தகவல் மையத்தில் இருக்கிறது. எவ்வளவு கூட்டத்திலும் அந்தக் குரல் பதறாது. ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக வந்து விழும். கடையில் எத்தனையோ விலை உயர்ந்த ஸ்பீக்கர்களைக் கேட்டிருக்கிறான். அந்தத் தகர ஒலிபெருக்கியில் கேட்டதுபோல ஒரு குரல் அவனுக்கு எதிலும் கேட்டதில்லை.

ஓய்வு பெற்று ஆறே மாதத்தில் அக்காவுக்கு வீடு பிடிக்காமல் போயிற்று. "மைக் இல்லாம பேசினா எனக்கே என் பேச்சு கேக்க மாட்டேங்குதுடா" என்றாள். அப்போதுதான் ஒலிப்புத்தகம் தயாரிக்கிற ஒரு நிறுவனம் குரல் தேடியது. வீட்டிலேயே படித்துப் பதிவு செய்து அனுப்பலாம். அக்கா சாமான் அறையைக் காலி செய்து, சுவரில் பழைய போர்வைகளைத் தொங்கவிட்டு, கதவுக்குப் பின்னால் ஒரு மெத்தையை நிறுத்தி, தனக்கென்று ஒரு ஒலிப்பதிவு அறையை உண்டாக்கிவிட்டாள். கம்ப்யூட்டர் தம்பியின் பொறுப்பு.

அந்த வேலைக்கு ஒரு சாதாரணப் பெட்டி போதும். அவன் மனைவி அப்போதே சொன்னாள். "உங்க அக்கா ஒரு நிமிஷத்துக்கு நூறு வார்த்தை படிப்பாங்க. அதுக்கு எதுக்குங்க ராக்கெட்?"

"உனக்குத் தெரியாது" என்றான். அவனுக்குத் தெரிந்திருந்தது, அதுதான் கோபம். ஆனால் அக்காவுக்குச் செய்கிறோம், ஏனோதானோ என்று செய்ய முடியுமா? ஆறாயிரம் வேகம், முப்பத்தாறு காத்திருப்பு என்று கம்பெனி குறித்து அனுப்பிய ரேமைப் போட்டான். அப்படியே எட்டு மணி நேரம் ஓட்டினான். ஒரு பிழை இல்லை. அங்கேயே கையை எடுத்திருக்க வேண்டும்.

மறுநாள் சனிக்கிழமை. அத்தான் பெட்டியை எடுத்துப்போக மத்தியானம் வருவதாகச் சொல்லியிருந்தார். காலையில் கடையில் வேலை குறைவு. கை ஊறியது. வேகத்தை ஆறாயிரத்து நானூறுக்கு ஏற்றி, காத்திருப்பை முப்பதுக்கு இறக்கி, அது முரண்டு பிடிக்கவும் கொஞ்சம் மின்னழுத்தத்தைக் கூட்டினான். வந்துவிட்டது. கேட்டதற்குப் பதில் வரப் பன்னிரண்டு நானோ செகண்ட் ஆன இடத்தில் இப்போது ஒன்பதரைகூட ஆகவில்லை. இரண்டரை நானோ செகண்ட் மிச்சம். நானோ செகண்ட் என்றால் ஒரு வினாடியை நூறு கோடியாகக் கூறு போட்டால் வருகிற ஒரு கூறு. அப்படி இரண்டரைக் கூறு மிச்சம் பிடித்துக் கொடுத்தான், நாள் முழுக்க நிறுத்தி நிதானமாகப் படிக்கிற ஒரு பெண்மணிக்கு.

திரையைப் படம் பிடித்து, தன்னைப் போன்ற வேகப் பித்தர்கள் இருக்கும் வாட்ஸாப் குழுவில் போட்டான். அறுபத்து மூன்று பேர் கட்டைவிரல் காட்டினார்கள். ஒருத்தர் மட்டும், "எவ்வளவு நேரம் டெஸ்ட் ஓட்டுனீங்க?" என்று கேட்டிருந்தார். ஓடியது நாற்பது நிமிஷம். அதுவும் ஏ.சி. அறையில், பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு, மேசை விசிறியை அதன்மேல் திருப்பி வைத்து. கீழே தெருவில் அத்தான் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். "முழுசா ஓட்டியாச்சு" என்று வாய் கூசாமல் பதில் எழுதிவிட்டு, தகட்டை மூடித் திருகைப் போட்டான். ஒலிப்பதிவுக்கு இடைஞ்சலாக இருக்கக்கூடாது என்று பெட்டிக்குள் இருந்த விசிறிகளையும் மிக மெதுவாகச் சுற்றும்படி வைத்தான். "மூச்சு விடுற சத்தம்கூட வராது அத்தான்" என்று பெருமையாகச் சொல்லித்தான் வண்டியில் ஏற்றினான்.

குளிர் மாதங்கள் என்பதால் முதலில் ஒரு தொல்லையும் இல்லை. அக்கா இரண்டு புத்தகங்களை முடித்தாள். நிறுவனத்தில் எல்லோருக்கும் பிடித்துப்போய், ஒரு பெரிய குடும்ப நாவலை நம்பிக் கொடுத்தார்கள். நாற்பது அத்தியாயம். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு குரல் யோசித்து, அத்தானை எதிரில் உட்காரவைத்துப் பேசிக் காட்டினாள். அவர் பாவம், நாலு மாமியார்களுக்கும் தலையாட்டினார்.

அந்தச் சமயத்தில்தான் அக்கா மாடிப்படியில் தடுக்கி விழுந்தாள். மேல்வரிசையில் முன்பல் இரண்டு போயின. பல் மருத்துவர் கழற்றி மாட்டுகிற ஒரு தகடு செய்து கொடுத்தார். பக்கத்துப் பற்கள் இரண்டில் கொக்கி போட்டு நிற்கும். பத்தே நாளில் அக்கா அதோடு பேசப் பழகிக்கொண்டாள். பழையபடி மைக் முன்னால் உட்கார்ந்தபோது வெயில் காலம் தொடங்கியிருந்தது.

பதினோராவது அத்தியாயத்தை அனுப்பியதும் நிறுவனத்திலிருந்து ஒரு பட்டியல் வந்தது. பதிவுகளைக் கேட்டுச் சரிபார்க்கிற அம்மா எழுதியிருந்தார்: இத்தனையாவது நிமிஷம், இத்தனையாவது நொடியில் "டிக்" என்று ஒரு சத்தம். மொத்தம் ஒன்பது இடம். காரணம் என்ற கட்டத்தில், வாய்ச் சத்தம், பல் செட்டாக இருக்கலாம் என்று குறித்திருந்தார். அக்கா மறுபடி படித்தாள். வேறு ஏழு இடங்களில் டிக். தண்ணீர் குடித்துவிட்டுப் படித்தாள், தகட்டுக்குப் பசை போட்டுப் படித்தாள், உதட்டை இறுக்கிக்கொண்டு படித்தாள். அறைக்குள் விசிறி போட முடியாது, ஜன்னல் திறக்க முடியாது. ஒவ்வொரு தடவையும் வேர்த்து ஊற்றிக்கொண்டு வெளியே வந்து, ஹெட்ஃபோனை மாட்டிக் கேட்பாள். இருக்கும். எங்கேயாவது ஒரு டிக் இருக்கும்.

மூன்றாவது தடவைக்குப் பிறகு நிறுவனம் நாவலைத் திரும்பக் கேட்டது. பல் சரியானதும் சொல்லுங்கள், பார்க்கலாம் என்று மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்கள்.

இதெல்லாம் டைமிங்குக்குப் போனில் அவ்வப்போது தெரியவந்தது. "பல் செட்டு பழக நாளாகும்க்கா" என்று அவனும் சொல்லிவைத்தான். அவன் காதில் விழுந்தது பல் சமாச்சாரம். பல்லுக்கும் ரேமுக்கும் என்ன சம்பந்தம்?

ஒரு திங்கட்கிழமை அக்கா கூப்பிட்டாள். கொக்கி மாட்டியிருக்கிற பற்கள் இரண்டும் லேசாக ஆடுகின்றனவாம். அதனால்தான் தகடு அசைந்து சத்தம் வருகிறது என்று அக்கா முடிவு கட்டிவிட்டாள். மருத்துவர், "அது பத்து வருஷம் இருக்கும்மா, எனக்கு ஒண்ணும் சத்தம் கேக்கலையே" என்றுதான் சொல்லியிருக்கிறார். அக்கா விடவில்லை. ரெண்டையும் எடுத்துவிட்டு, அசையாத மாதிரி பெரிய தகடாகப் போட்டுவிடுங்கள் என்று வெள்ளிக்கிழமைக்கு நாள் குறித்துவிட்டாள். அவருக்குப் போட்டுக்காட்ட அந்த டிக் சத்தம் வேண்டும், பென் டிரைவில் ஏற்றிக் கொடு என்றாள்.

சாயங்காலம் போனான். அக்கா அடுப்படியில் காப்பி போட்டுக்கொண்டிருந்தாள். அத்தான் ஈஸிசேரில் பேப்பரோடு. அவன் மட்டும் சாமான் அறையில், மேசைக்கு முன்னால். பதிவைத் திறந்து, அக்கா தாளில் குறித்துவைத்திருந்த முதல் இடத்துக்குப் போனான். ஹெட்ஃபோனில் டிக் என்றது. நல்ல சுத்தமான டிக். அவனுக்கு முதல் உறுத்தல் அங்கேதான். அது அக்கா பேசுகிற இடமே இல்லை. ஒரு வாக்கியம் முடிந்து அடுத்த வாக்கியத்துக்கு மூச்சு வாங்குவதற்கு முன்னால், வாய் மூடியிருக்கிற இடம்.

ஒலி அலையைப் பெரிதாக்கிப் பார்த்தான். இன்னும் பெரிதாக்கினான். வாயிலிருந்து வருகிற எந்தச் சத்தமும், எவ்வளவு சின்னதாக இருந்தாலும், கொஞ்சம் எழும்பி, நடுங்கி, அடங்கும். இது எழும்பவும் இல்லை, அடங்கவும் இல்லை. வரிசையாக இருந்த புள்ளிகளில் ஒரே ஒரு புள்ளி மட்டும் ஊசி மாதிரி செங்குத்தாக நின்றது. இரண்டாவது இடம், மூன்றாவது இடம், எல்லாம் அதே. கம்ப்யூட்டருக்கு ஒவ்வொரு புள்ளியும் ஒரு எண். ஒரே ஒரு எண் மாறியிருக்கிறது. யாரோ மாற்றி எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

மேசைக்கு அடியில் மெத்தைக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த பெட்டியைத் தொட்டுப் பார்த்தான். சுட்டது. கதவைச் சாத்திக்கொண்டு, அக்கா உட்காருவது போலவே விசிறி இல்லாமல் உட்கார்ந்து, தன் சாவிக்கொத்தில் தொங்குகிற, சோதனை நிரல் ஏற்றிய பென் டிரைவைச் செருகி ஓட்டினான். ஐந்து நிமிஷம் ஒன்றுமில்லை. பத்து நிமிஷம் ஒன்றுமில்லை. பதினோராவது நிமிஷத்தில் திரையில் ஒரு சிவப்பு வரி வந்தது, அதன் கீழே இன்னொன்று.

கை தானாக வேலை செய்தது. வேகத்தை ஆறாயிரத்துக்கு இறக்கினான், காத்திருப்பை முப்பத்தாறாக்கினான், விசிறிகளைக் கொஞ்சம் கூட்டினான். மறுபடி இருபது நிமிஷம். பச்சை. அவ்வளவுதான் மருந்து. ஒரு நிமிஷ வேலை. அவன் அக்கா மூன்று மாதமாகப் பல்லைக் கடித்துக்கொண்டு படித்ததற்கும், கண்ணாடி முன்னால் வாயைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டதற்கும், நிறுவனம் நாவலைப் பிடுங்கிக்கொண்டதற்கும் மருந்து இவ்வளவுதான்.

"என்னடா, உள்ளேயே குடியேறிட்டியா?" என்று அக்கா வெளியிலிருந்து கூப்பிட்டாள்.

வெளியே வந்தான். சொல்லிவிடுவதாகத்தான் வந்தான். அக்கா காப்பித் தம்ளரைக் கையில் கொடுத்து, "வேர்த்திருக்கு பாரு" என்று துண்டையும் கொடுத்தாள். அத்தான் பேப்பருக்குப் பின்னாலிருந்து, "ஆபீஸ்ல எல்லாம் கம்ப்யூட்டர் கெட்டுப்போனா பத்து நாள் ஆகுது. உனக்கென்னம்மா, தம்பி இருக்கான்" என்றார்.

"ஆமா, பல்லுதான் என்னைக் கவுத்துடுச்சு. இவன் குடுத்த பெட்டி ஒரு நாள் மக்கர் பண்ணல" என்றாள் அக்கா.

சொல்ல வந்ததைக் காப்பியோடு சேர்த்து விழுங்கினான். "ஒரு அப்டேட் இருந்துச்சு, போட்டிருக்கேன்" என்றான். அந்தப் பொய்கூடப் பரவாயில்லை. அடுத்து அவன் செய்ததைத்தான் பிற்பாடு அவனால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அக்கா கையை நீட்டினாள். அந்த டிக் சத்தத்தை ஏற்றிய பென் டிரைவைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து அந்தக் கையில் வைத்தான். பல்லுக்கு எதிரான சாட்சியைத் தயாரித்தவனே அதைக் கொண்டுபோய்க் கொடுத்தான்.

"அவசரப்படாதேக்கா. ஒரு வாரம் பாத்துட்டு எடுத்துக்கலாம். இன்னொரு தடவை பதிவு பண்ணித்தான் பாரேன்" என்றான் வாசலில் நின்று.

"எத்தனை தடவைடா? தொண்டையே போயிடுச்சு. பல்லு சரியாகாம மைக் முன்னாடி உக்கார மாட்டேன்" என்றாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் மனைவியிடம் சொன்னான். தோசைக் கரண்டி இருந்த கையோடு அவள் அப்படியே நின்றாள். "இப்பவே போன் போடுங்க" என்றாள்.

"போன்ல எப்படிச் சொல்றது? வெள்ளிக்கிழமைதானே. நாளைக்கு நாளன்னிக்கு நேர்ல போய்ச் சொல்றேன்."

"நேர்ல போனப்பதானே சொல்லாம வந்தீங்க?"

அவனுக்குச் சுருக்கென்றது. சுருக்கென்றதற்காகக் கோபப்பட்டு, சாப்பிடாமல் கடைக்குப் போய்விட்டான். அன்றைக்கு முழுவதும் எப்படிச் சொல்வது என்று மனசுக்குள் வாசகம் எழுதிக்கொண்டிருந்தான். வெயில் ஒரு மாதிரி அடிக்குதேக்கா என்று தொடங்கலாம். ரேம் கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான் என்று தொடங்கலாம். எழுதிய ஒவ்வொரு வாசகத்திலும் அவன் மேல் குற்றம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வந்தது. அறுபத்து மூன்று கட்டைவிரல் எந்த வாசகத்திலும் வரவில்லை. நாற்பது நிமிஷமும் வரவில்லை. குடும்பத்தில் எல்லோருக்கும் ஒவ்வொரு பெருமை. இவனுக்கு இருந்தது இது ஒன்று. அதை அக்கா முன்னால் கழற்றி வைக்க மனசு வரவில்லை. இரண்டு நாள்தானே, அதற்குள் வேறு வழி தோன்றாதா என்று ஒரு நப்பாசை.

புதன்கிழமை பதினோரு மணிக்கு, ஒரு பெட்டியைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தபோது, அத்தான் போன் செய்தார்.

"மாப்ள, வெள்ளிக்கிழமை டாக்டருக்கு எங்கேயோ போகணுமாம். இன்னிக்குக் காலைல வர முடியுமான்னு கேட்டாங்க, போயிட்டோம். ரெண்டும் எடுத்தாச்சு. அக்காவால பேச முடியல, எழுதிக் காட்டுறா. இரு, என்னமோ எழுதுறா... 'தம்பிய வேலையைப் போட்டுட்டு ஓடி வர வேணாம்னு சொல்லு'ன்னு எழுதியிருக்கா."

அவன் ஓடவில்லை. எதிரில் நின்ற வாடிக்கையாளர், "என்ன சார், கெட்ட சேதியா?" என்றார். "இல்ல, பல்லு எடுத்திருக்காங்க" என்றான். "பல்லுதானே" என்று அவர் சிரித்தார். அவர் கழுத்தை நெரிக்கலாம் போல இருந்தது. பிறகு, நெரிக்கவேண்டிய கழுத்து எது என்று ஞாபகம் வந்தது.

மூன்று வாரம் அவன் அந்தப் பக்கம் போகவில்லை. கடையில் ஆள் இல்லை, மனைவிக்குக் காய்ச்சல் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னான். மனைவி அவனோடு சரியாகப் பேசவில்லை; காய்ச்சல் வந்ததாகச் சொன்ன விஷயம் தெரிந்த பிறகு சுத்தமாகப் பேசவில்லை. கடையில் யாராவது ரேம் பெட்டியை நீட்டி, "இதை எவ்வளவு இழுக்கலாம்ணே?" என்று கேட்டால், "பெட்டியில என்ன போட்டிருக்கோ அதுலயே விடுங்க" என்றான். டைமிங்குக்கு என்ன ஆயிற்று என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். வாட்ஸாப் குழுவில் தான் போட்ட படத்தைத் தேடி எடுத்து அழிக்கப் பார்த்தான். நாள் கடந்துவிட்டதால் தன் போனில் மட்டும்தான் அழிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்காவே கூப்பிட்டாள். "டேய், உடனே வா. ஒண்ணு காட்டணும்." குரல் ஒரு மாதிரி இருந்தது. போன் சரியில்லை என்று நினைத்துக்கொண்டான்.

அக்கா வாசலுக்கே வந்து கையைப் பிடித்துச் சாமான் அறைக்குள் இழுத்துப் போனாள். முகம் மேலுதட்டுப் பக்கம் கொஞ்சம் மாறியிருந்தது. அவனை நாற்காலியில் உட்காரவைத்து, ஹெட்ஃபோனை மாட்டிவிட்டாள். "இருபது நிமிஷப் பதிவு. முழுசா கேளு. ஒரு டிக் இருந்தா காட்டு பாக்கலாம்."

கேட்டான். டிக் ஒன்றுகூட இல்லை. இருக்காது என்று அவனுக்குத் தெரியும். ஆனால் ச வருகிற இடத்திலெல்லாம், ஸ வருகிற இடத்திலெல்லாம், மெல்லிசாக ஒரு காற்று சீறிக்கொண்டு போயிற்று. போன் சரியாகத்தான் இருந்திருக்கிறது. மூன்றாம் நடைமேடையில் எழுத்தெழுத்தாக வந்து விழுந்த குரல் அது, இப்போது ஓரம் கிழிந்திருந்தது.

"கம்பெனிக்கு அனுப்பினேன். டிக் சுத்தமா போயிடுச்சு மேடம்னு எழுதிட்டாங்க" என்றாள். "கொஞ்சம் விசில் அடிக்குதாம். போகப் போகச் சரியாகும்னு டாக்டர் சொல்றார். நாவல் வேற ஒரு பொண்ணு படிக்குதாம், போகட்டும். பாடப்புத்தகம் தரேன்னிருக்காங்க."

"நான் அப்பவே சொன்னேன், பல்லுதான்னு" என்றார் கூடத்திலிருந்து அத்தான்.

"டாக்டரே நம்பலை தெரியுமா? கடைசில என் காதுதான் ஜெயிச்சுது." அக்காவின் கண் பளபளத்தது. "அடுத்த பக்கமும் ரெண்டு லேசா ஆடுற மாதிரி இருக்கு. டிக் மறுபடி வர்றதுக்கு முன்னாடி அதையும் எடுத்துடலாம்னு பாக்குறேன். வர்ற செவ்வாய்க்கிழமை போகலாம்னு இருக்கேன்."

அவன் ஹெட்ஃபோனைக் கழற்றினான். "எடுக்காதே" என்றான். குரல் கத்தலாக வந்தது.

"ஏன்டா?"

மனசுக்குள் எழுதி வைத்திருந்த வாசகம் ஒன்றுகூட அப்போது உதவிக்கு வரவில்லை. "பல்லு இல்லக்கா. பெட்டி. நான் ரேமை ரொம்ப இழுத்துட்டேன். சூடானா தப்பா எழுதும். டிக் அதுல வந்துது. உன் பல்லுல ஒரு கோளாறும் கிடையாது. எப்பவுமே இல்ல." பிறகு நிறுத்த முடியாமல் எல்லாவற்றையும் சொன்னான். நாற்பது நிமிஷச் சோதனை, குழுவில் போட்ட படம், முழுசா ஓட்டினேன் என்று எழுதிய பொய், ஊசி போல நின்ற புள்ளி, சிவப்பு வரி. சொல்லச் சொல்ல அழுகை வந்தது. நாற்பத்தாறு வயதில் மூக்கைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டான்.

அக்கா மெத்தையில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் முடித்ததும் நாக்கால் புதுத் தகட்டை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"பெட்டியை எப்ப சரி பண்ணின?" என்றாள்.

"அன்னிக்கு வந்தேனே. திங்கக்கிழமை."

"பென் டிரைவ் குடுத்தியே, அன்னிக்கு?"

"ஆமா."

"குடுக்கும்போது தெரியுமா?"

தெரியும் என்று அவன் தலையை ஆட்டினான்.

"நான் புதன்கிழமைதானே எடுத்தேன்" என்றாள் அக்கா. கணக்குச் சரியாக வருகிறதா என்று தனக்குத்தானே பார்த்துக்கொள்வது போலத்தான் சொன்னாள்.

"வெள்ளிக்கிழமைன்னு நெனச்சேன்க்கா. அதுக்குள்ள சொல்லிடலாம்னு..."

"ரேமை இழுத்தது எனக்காகன்னு வெச்சுக்கறேன். ஆசையில செஞ்ச, தப்பாயிடுச்சு. அதை விடு." குரலை உயர்த்தவே இல்லை. "திங்கக்கிழமை காப்பியக் குடிச்சுட்டு சும்மா போனியே, அது யாருக்காக?"

அவனிடம் இருந்த ஒரே பதில் அக்காவுக்கும் தெரிந்ததுதான். கூடத்தில் அத்தான் பேப்பரை மடிக்கிற சத்தம் கேட்டது. அவன் எழுந்து நின்றான். அக்காவின் கையைப் பிடிக்கலாமா என்று பார்த்தான். அவள் கையைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"வரேன்க்கா" என்றான்.

இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அக்கா அதற்குப் பதில் சொல்லாமல் இருந்ததில்லை. சண்டை போட்ட நாளிலும், போய்ட்டு வா என்று சொல்லித்தான் அனுப்புவாள். இப்போது மேசையைப் பார்த்துத் திரும்பி, பதிவு அறையின் விளக்கை அணைத்தாள்.

"கதவைச் சாத்திட்டுப் போ" என்றாள். அந்தச் சா-வில் காற்று சீறியது.

அவன் கதவைச் சாத்திவிட்டுப் போனான்.